உளவியலும் வகுப்பறையும்

நாய்க்கும் கணக்குப் பாடத்துக்கும் என்ன தொடர்பு? சென்ற ஆண்டு யாரேனும் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். விலங்கியல் படிக்கும் எனக்கு நாய் ஒரு பாலூட்டி. கணக்கோ பழைய பகை. இரண்டுக்கும் இடையே பாலம் உண்டு என்று அப்போது தெரியாது.

இந்த ஆண்டு உடற்செயலியல் வகுப்பில் செரிமானம் நடந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றிச் சொல்லி வந்த பேராசிரியர், பாவ்லோவ் என்னும் பெயரைச் சொல்லிவிட்டு மேலே சென்றார். அந்தப் பெயரைத் தேடி நூலகம் போனவள், உளவியல் நூல்கள் அடுக்கியிருந்த அலமாரியின் முன்னே நின்றுவிட்டேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுக்கு விளக்கம் கிடைத்தது போல் இருந்தது.

என் அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். இன்று கொத்தனார். அவருடைய கூலியில்தான் நான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரே வீட்டில், ஒரே கஞ்சி குடித்து வளர்ந்த இருவரில் ஒருவர் நின்றதும் ஒருவர் தொடர்ந்ததும் ஏன்? 'தலையெழுத்து' என்பார் அம்மா. எனக்கு அந்த விடை போதவில்லை. உளவியல் அறிஞர்கள் வேறு சில விடைகள் சொல்கிறார்கள். அவற்றை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நான் உளவியல் மாணவி அல்ல. பிழை காணின் பேராசிரியப் பெருமக்கள் திருத்துக.

பாவ்லோவின் நாயும் பள்ளிப் பிரம்பும்

இவான் பாவ்லோவ் ரஷ்ய நாட்டு உடற்செயலியல் அறிஞர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். நாயின் கன்னத்தில் சிறு அறுவை செய்து, சுரக்கும் உமிழ்நீரை வெளியே எடுத்து அளந்தார். உணவு நாவில் பட்டால் உமிழ்நீர் சுரப்பது இயற்கை. ஆனால் நாளடைவில் உணவைக் கண்டாலே, உணவு கொண்டு வருபவரின் காலடி ஓசையைக் கேட்டாலே அந்நாய்களுக்கு உமிழ்நீர் ஊறத் தொடங்கியது. தாளம் தட்டும் கருவியை ஒலிக்கவிட்டு, உடனே உணவு கொடுத்துப் பார்த்தார். சில நாளில் வெறும் தாள ஒலிக்கே உமிழ்நீர் சுரந்தது. பொருளற்றிருந்த ஒலி பொருளுடையதாயிற்று. இதை ஆக்கநிலையிறுத்தம் என்பர்.

இன்பத்துக்கு மட்டுமா இந்த விதி? அமெரிக்காவில் வாட்சன் என்பாரும் ரேனர் என்பாரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஏறத்தாழ பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொட்டு விளையாடியது. எலியைத் தொட முனைந்தபோதெல்லாம் குழந்தையின் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினார்கள். சில முறைகளுக்குப் பின் எலியைக் கண்டதுமே குழந்தை அழுதது. முயலைக் கண்டும், உரோமம் உள்ள பிறவற்றைக் கண்டும் அஞ்சியது. இப்படி ஓர் ஆய்வை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் அது காட்டிய உண்மையை நம்மில் பலர் பள்ளியிலேயே கண்டவர்கள்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, கணக்கு ஆசிரியர் வருமுன்னே அவருடைய செருப்போசை தாழ்வாரத்தில் கேட்கும். கேட்டதும் என் உள்ளங்கை வேர்க்கும். முதலில் பிரம்புக்குப் பயந்தேன், பிறகு அவருக்கு, பிறகு கணக்குப் புத்தகத்தின் அட்டைக்கே பயந்தேன். எண்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. கம்பி ஒலிக்கு நடுவே வந்த வெள்ளெலி போல, அவை பிரம்புக்கு நடுவே வந்து சேர்ந்தன. அவ்வளவுதான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2010 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பிரம்பை ஒளித்து வைப்பது எளிது. நாக்கை அடக்குவதுதான் அரிது.

பூனை கண்ட வழி

பாவ்லோவுக்குச் சற்று முன், 1898இல், தார்ன்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் பசித்த பூனையை ஒரு கூண்டில் அடைத்து, வெளியே மீன் துண்டை வைத்தார். பூனை கடித்தது, பிறாண்டியது, முட்டியது. தற்செயலாக ஒரு கொக்கி அசையக் கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் முயற்சிகள் குறைந்தன. திறக்கும் நேரமும் குறைந்தது. நல்ல விளைவு தரும் செயல் நிலைக்கும் என்பதே அவர் வகுத்த விளைவு விதி.

துன்பம் தரும் செயல் அதே அளவுக்கு மறையும் என்றும் அவர் முதலில் எண்ணினார். பின்னர் மனிதரை வைத்துச் சோதித்தபோது அது அவ்வாறு இல்லை. பரிசு வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அழிப்பதில்லை என்று 1932இல் வெளியிட்ட நூலில் தம் விதியைத் தாமே திருத்திக்கொண்டார். 'தப்பு' என்ற சொல் கூண்டின் ஒரு பக்கத்தை அடைக்கிறது. கொக்கி எந்தப் பக்கம் என்று காட்டுவதில்லை. அடித்துத் திருத்தலாம் என்று இன்றும் நம்புகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ஸ்கின்னர் கண்ட குறை

நடத்தைக் கொள்கையை வகுப்பறைக்கே கொண்டு வந்தவர் ஸ்கின்னர். 1953ஆம் ஆண்டு பெற்றோர் பார்வையாளராகத் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் அமர்ந்திருந்தார். அங்கே இரண்டு குறைகளைக் கண்டார். ஒன்று, போட்ட கணக்கு சரியா தவறா என்று தெரியப் பிள்ளைகள் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, விரைந்து முடித்தவரும் முடிக்க முடியாமல் திணறியவரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துப் புறாவுக்குக்கூட அது சரியாகக் கொத்தியவுடன் தீனி கிடைக்கும். குழந்தைக்குக் கிடைப்பதில்லை!

பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல், ஒவ்வொரு படியிலும் விடையை உடனே அறிவித்தல், அவரவர் வேகத்தில் செல்ல விடுதல் என்னும் மூன்று கருத்துகளோடு அவர் கற்பிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். பொறி பரவவில்லை, கருத்து பரவியது. இன்று கைப்பேசியில் பாடம் கற்பிக்கும் செயலிகள் பலவும் இம்மூன்றையும் பின்பற்றுகின்றன.

இதற்கு நானே சாட்சி. முதற்பருவத்தில் ஒரு தாளில் தோற்றேன். 'அரியர்' என்ற சொல்லை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் மறைத்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா என்றும் எண்ணினேன். அடுத்த பருவத்தில் பேராசிரியர் ஒருவர் வகுப்பின் இறுதி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, விடைத்தாள்களை அங்கேயே வாங்கிப் பார்த்து, "இதுவரைக்கும் சரி, இங்கேதான் வழி மாறிட்ட" என்று விரல் வைத்துக் காட்டுவார். தோற்ற தாளை அந்தப் பருவத்திலேயே எழுதித் தேறினேன். 'இதுவரைக்கும் சரி' என்ற இரண்டு சொற்களை என் ஏழாம் வகுப்பில் நான் ஒரு முறையும் கேட்டதில்லை.

மிட்டாய்க் கணக்கு

நூலில் படித்ததைச் செய்து பார்க்கும் ஆசை யாரை விட்டது? மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் படிப்பார்கள். ஒவ்வொரு சரியான கணக்குக்கும் ஒரு கடலை மிட்டாய் என்று அறிவித்தேன். முதல் வாரம் திண்ணை கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் பார்த்தால், பிள்ளைகள் எளிய கணக்குகளையே தேடித் தேடிப் போடுகிறார்கள். அதுவரை தாமாகவே விரும்பிக் கேட்ட கதைப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னால், "படிச்சா எத்தனை மிட்டாய்க்கா?" என்கிறார்கள். மூன்றாம் வாரம் என் கையிருப்பு தீர்ந்தது, கூட்டமும் தீர்ந்தது.

நான் மூன்று வாரத்தில் கண்டதை லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் 1973இலேயே முறைப்படி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்னரே கூறினார்கள். இரண்டாம் குழுவுக்கு முன்னறிவிப்பின்றிப் பரிசு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சின்றி வண்ணப் பேனாக்களை வைத்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற பிள்ளைகள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியே அதில் செலவிட்டார்கள். விளையாட்டு வேலையாகிவிட்டது, கூலி நின்றதும் வேலையும் நின்றது.

எட்வர்டு டெசி என்பார் 1971இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்விலும் பணம் ஆர்வத்தைக் குறைத்தது; ஆனால் உண்மையான பாராட்டுச் சொல் குறைக்கவில்லை. அவரும் ரயன் என்பாரும் பின்னர் வகுத்த கொள்கைப்படி உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவை: இது என் விருப்பம் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இங்கு நானும் ஒருவன் என்ற உறவு. பரிசே கூடாது என்பதன்று இதன் பொருள். ஆர்வமே இல்லாத இடத்தில் முதல் அடி எடுத்து வைக்கப் பரிசு உதவலாம். ஆர்வம் இருக்கும் இடத்தில் அதற்கு விலை வைக்கக் கூடாது என்பதே பாடம்.

பசித்த வயிறு

மாஸ்லோ என்னும் அறிஞர் 1943இல் மனிதத் தேவைகளைப் படிநிலையாக அடுக்கினார். பசி, உறக்கம் முதலியன அடிப்படை, அடுத்துப் பாதுகாப்பு, பின் அன்பு, பின் மதிப்பு, முடிவில் தன் திறனை முழுதும் வெளிக்கொணரும் வேட்கை. ஒரு படி முற்றும் நிறைந்த பிறகே அடுத்த படி என்று கட்டாயமில்லை. அவரே அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் அடிப்படையை ஆசிரியர் மறக்கலாகாது.

இதைத் தமிழகம் ஏட்டில் படித்து அறியவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920லேயே பிள்ளைகளுக்கு உணவு தரும் முயற்சி நடந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவும், 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தன. என் அம்மா சத்துணவுக்காகவே பள்ளிக்குப் போனவர். போன இடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டுத்தான் நான் முதல் எழுத்தை அறிந்தேன். ஒரு தட்டுச் சோற்றின் பயன் ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை.

'உனக்கு ஏறாது'

இனி அண்ணனுக்கு வருகிறேன். செலிக்மன், மையர் என்னும் இருவர் 1967இல் நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மற்றொரு குழு என்ன செய்தாலும் நிறுத்த முடியவில்லை. பிறகு எல்லா நாய்களையும், சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதற்குழு தாண்டியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்துக்கொண்டு அதிர்ச்சியைத் தாங்கின. இதைக் கற்றுக்கொண்ட இயலாமை என்றார்கள்.

அண்ணனை அவருடைய ஆசிரியர் ஒருவர், "உனக்குப் படிப்பு ஏறாது, மண்வெட்டி எடு" என்று வகுப்பின் நடுவே அடிக்கடி சொல்வார். பள்ளியின் பெயரும் அவர் பெயரும் இங்கு வேண்டா. அண்ணன் முதலில் கை தூக்குவதை நிறுத்தினார், பிறகு எழுதுவதை, பிறகு போவதை. தாண்டக்கூடிய உயரத்தில்தான் தடுப்பு இருந்தது. அவர் படுத்துக்கொண்டார்.

அந்த அண்ணன் இன்று, சுவரின் நீள உயரத்தைச் சொன்னால் எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை நாள் கூலி என்று தாளும் பேனாவும் இன்றிச் சொல்கிறார். கணக்கு ஏறாத தலையா அது?

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பற்றி ரோசன்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் 1968இல் எழுதினார்கள். குலுக்கல் முறையில் எடுத்த சில மாணவர்களைக் காட்டி, 'இவர்கள் இவ்வாண்டு மிக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் கூறினார்கள். ஆண்டிறுதியில் அவர்களுள் கீழ்வகுப்புப் பிள்ளைகள் பிறரைவிட முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வைப் பின்னர் பலர் குறை கூறியுள்ளனர். எதிர்பார்ப்பின் விளைவு பொதுவாகச் சிறியதே என்றும் காட்டியுள்ளனர். சிறியதுதான். ஆனால் விளிம்பில் நிற்பவனைத் தள்ளப் பெரிய கை வேண்டியதில்லை.

செலிக்மனும் மையரும் ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், தம் பழைய கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டியது. நீண்ட துன்பத்தில் உயிர் செயலற்றுப் போவது இயற்கை, அது கற்றுக்கொள்வதன்று. 'என் செயலால் இதை மாற்ற முடியும்' என்பதே கற்றுக்கொள்ள வேண்டியது என்று, மூளை ஆய்வுகளைக் கொண்டு எழுதினார்கள். அப்படியானால் இயலாமை யாருடைய குணமும் அன்று. இயலும் என்பது ஒரு பாடம். பாடம் என்றால் அதை யாராவது நடத்தியாக வேண்டும்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு

அந்தப் பாடம் எங்கள் திண்ணையிலேயே நடந்தது. மிட்டாய் நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தவர்களில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன். 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்பான். மூன்று நாள் 'தப்பு' என்றேன். மூன்று நாளும் 35. நான்காம் நாள் அவன் சிலேட்டை எடுக்கவே இல்லை. வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்: "தம்பி, எப்படிடா போட்ட?"

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு."

பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற விதியை அவன் ஒழுங்காகத்தான் பின்பற்றினான். அவனுடைய விடை தவறு. அதற்குள்ளே ஒரு முறை இருந்தது. நான் விடையை மட்டும் பார்த்தேன். அண்ணன் வழியைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து வைத்தார். "எனக்கு இருபத்தேழு ரூபா குடு பாப்போம்." சிறுவன் இரண்டு நோட்டைக் கொடுத்தான். ஏழு ரூபாய்க்குத் தயங்கினான். பிறகு, "அண்ணே, ஒரு நோட்டை மாத்தணும்" என்றான். "மாத்திக்கோ." மாற்றினான், கொடுத்தான், மிச்சத்தை எண்ணினான். "இருபத்தஞ்சு!"

நடத்தையை மட்டும் பார்த்தால் போதும், மனத்துக்குள் பார்க்க வேண்டியதில்லை என்ற வாதம் எங்கே நிற்கிறது என்று அன்று விளங்கியது. டோல்மன் என்னும் அறிஞர் 1948இல், எலிகூடப் புதிர்ப்பாதையில் ஓடும்போது மனத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்கிறது என்று எழுதினார். எலிக்கே உண்டென்றால் நான்காம் வகுப்புச் சிறுவனுக்கு இராதா? தவறான விடை என்பது அவனுடைய வரைபடம் எங்கே பிசகியிருக்கிறது என்று காட்டும் அடையாளம்.

அல்பர்ட் பாண்டுரா 1977இல் தன்திறன் நம்பிக்கை பற்றி எழுதியபோது அது பிறக்கும் வழிகளில் முதலாவதாகத் தானே செய்து வெற்றி பெறுவதைச் சொன்னார். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது. நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாக வந்தவர் பலர். நம் தெருவின் பிள்ளைகளுக்கு அந்த 'ஒருவர்' நாம்தான்.

முடிவுரை

நம்மில் பலர் இங்கிருந்து பி.எட். படிக்கப் போவோம், நாளை சாக்கட்டி பிடிப்போம். அவர்களுக்காகத் தொகுத்துச் சொல்கிறேன். பாடத்தோடு அச்சத்தைச் சேர்க்காதீர்கள். சிறு படியாகக் கொடுத்து உடனே விடை சொல்லுங்கள். இருக்கும் ஆர்வத்துக்குக் கூலி வைக்காதீர்கள். பசித்திருக்கிறானா என்று பாருங்கள். 'தப்பு' என்று சொல்லுமுன் 'எப்படிப் போட்டாய்?' என்று கேளுங்கள். 'உனக்கு ஏறாது' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்பவர் எல்லாரும் படிக்க மனமில்லாதவர் அல்லர். சிலர் எங்கோ, எப்போதோ படுத்துக்கொண்டவர்கள். அவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். விடை வரும்வரை சற்றுக் காத்திருங்கள்.

சென்ற வாரம் அண்ணன் சாந்துச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, என் முகம் பார்க்காமலே கேட்டார்: "பத்தாவது தனியா எழுதலாமாமே, அதுக்கு விண்ணப்பம் எப்போ குடுப்பாங்க?" விசாரித்து வைத்திருக்கிறேன். இப்போது இரவு உணவுக்குப் பின் திண்ணையில் விளக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிகிறது.